பம்பரம் நின்ற பிறகு

மார்ச் 25

தங்கச்சிக்கு,

மூணு நாளா போன் அடிக்கறேன், நீ எடுக்க மாட்டேங்கறே. சரி, எழுதறேன். எழுதினா நீ குறுக்கே பேச முடியாது, படக்குன்னு வெக்கவும் முடியாது. கிழிச்சுப் போடலாம். அதுக்கு முன்னாடி ஒரு தடவை படிச்சுடு.

சனிக்கிழமை சாயங்காலம் நான் சொன்னது ஒரே ஒரு வார்த்தை. கோழைன்னு சொன்னேன். உன்னைச் சொல்லல, பம்பரத்தைச் சொன்னேன். அதுக்கு உனக்கு எதுக்கு அவ்வளவு ரோஷம்?

ஒன்பது வருஷமா நாம ரெண்டு பேரும் அவ ரசிகர்கள். அவ பதினஞ்சு வயசுல, பல்லுக்குக் கம்பி போட்டுக்கிட்டு, ஐஸ் ஸ்கேட்டிங்ல சுத்தின முதல் சுத்தைப் பார்த்ததும் பம்பரம்னு பேர் வெச்சவனே நான்தான். அவ ஒவ்வொரு ஆட்டம் முடிஞ்சதும் நீ அங்கேருந்து போன் பண்ணுவே. நடுவர்கள் மார்க் போடறதுக்குள்ள நாம ஒரு மார்க் போடுவோம். அவ ரெண்டு தடவை உலக சாம்பியன் ஆனப்போ எங்க ஸ்டாஃப் ரூம்ல எல்லாருக்கும் நான்தான் காபி வாங்கிக் குடுத்தேன், என்னமோ நானே ஜெயிச்ச மாதிரி.

அப்படிப்பட்டவ இந்த வருஷ உலகப் போட்டியில, சனிக்கிழமை என்ன பண்ணினா? முதல் நாள் ஆட்டத்துல அவதான் முன்னாடி. ரெண்டாவது நாள், நாலு நிமிஷ ஆட்டம். பாட்டு ஆரம்பிச்சாச்சு. முதல் குதிப்புக்கு வேகமா வந்தா, ஏறினா, மூணு சுத்துக்குப் பதிலா ஒரே சுத்தோட இறங்கிட்டா. ரெண்டாவதுக்கு வந்தா, குதிக்கவே இல்ல. அப்புறம் நேரா நடுவர்கள்கிட்ட போய் ஏதோ சொன்னா, வெளிய போயிட்டா. பாட்டு மட்டும் கொஞ்ச நேரம் தனியா ஓடிட்டிருந்துச்சு. பேட்டியில கேட்டா, "காத்துல ஏறினதும் தரை எந்தப் பக்கம்னு எனக்குத் தெரியல"ன்னு சொல்றா. இருபது வருஷமா குதிக்கறவளுக்குத் தரை எந்தப் பக்கம்னு தெரியாதாம்!

நான் பத்தொன்பது வருஷமா ஸ்கேட்டிங் ரிங்க்ல, கீறல் விழுந்த ஐஸ் தரையைச் சமன் பண்ற வண்டி ஓட்டறேன். முட்டி பேந்த குழந்தைங்க மூக்கை உறிஞ்சிக்கிட்டு எழுந்து ஆடறதைத் தினமும் பார்க்கறவன். என்னால தாங்க முடியல. அன்னிக்கே உட்கார்ந்து பேப்பருக்கு எழுதினேன். நேத்து போட்டிருக்காங்க, வெட்டி இதோட வெச்சிருக்கேன். தலைப்பு அவங்க குடுத்தது.

வாண்டு நல்லா இருக்கா. ஏப்ரல் 29 அவளுக்குத் தேர்வுப் போட்டி, எங்க ரிங்க்லயேதான். ஜூனியர் அணிக்கு ஆறு பேர் எடுக்கறாங்க. அவ ரூம் சுவத்துல இருந்த பம்பரத்தோட படத்தைக் கழட்டிட்டேன். அவ ஒண்ணும் சொல்லல. பதினாறு வயசுப் பொண்ணு ஒண்ணும் சொல்லாம இருந்தா அப்பனுக்கு நிம்மதிதான்.

கோபம் தணிஞ்சதும் போன் பண்ணு.

அண்ணன்

*

ஏப்ரல் 2

அண்ணா,

போன் பண்ண மாட்டேன். போன்ல நீ கத்துவே, நானும் கத்துவேன், கடைசியில யாருக்குத் தொண்டை பெருசோ அவங்க ஜெயிப்பாங்க. எழுது. எழுதறப்போ உனக்கு யோசிக்கக் கொஞ்சம் நேரம் கிடைக்கும்.

மதிய இடைவேளையில எழுதறேன். ஈய ஏப்ரனைக் கழட்டி ஆணியில மாட்டிட்டு, எக்ஸ்ரே ரூம் கதவுல "பத்து நிமிஷத்தில் வருகிறேன்" போர்டைத் தொங்கவிட்டாச்சு. நீ அனுப்பின பேப்பர் துண்டு முன்னாடிதான் இருக்கு. "மேடை ஏறி ஓடியவருக்கு மாலை எதற்கு?" தலைப்பு அவங்களோடதுன்னு தப்பிச்சுக்கறே. உள்ள இருக்கறது உன்னோடதுதானே? "சம்பளம் வாங்குகிற பஸ் டிரைவர், மனசு சரியில்லை என்று பாதி வழியில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கிப் போக முடியுமா?" ரொம்பச் சாமர்த்தியமா எழுதிட்டதா நெனப்பு உனக்கு. டிரைவருக்குக் கண்ணை இருட்டிக்கிட்டு வந்தா நிறுத்தித்தான் ஆகணும் அண்ணா. நிறுத்தாம ஓட்டறவனைத்தான் உள்ள தள்ளுவாங்க.

அந்த வீடியோவை நான் ஏழு தடவை பார்த்தேன். நீ மார்க் நோட்டுல தலையைக் கவுத்துட்டிருந்திருப்பே. ரெண்டாவது குதிப்புக்கு வர்றப்போ அவ இடது கையைப் பார்த்தியா? விரல் எல்லாம் தனித்தனியா விரிஞ்சிருந்துச்சு, இருட்டு ரூம்ல சுவிட்சைத் தேடற கை மாதிரி. ஒரு செகண்டுகூட இல்லாத நேரத்துல மூணு சுத்து சுத்தணும். அதுல யோசிக்க நேரம் ஏது? உடம்பு தானாச் செய்யணும். உடம்பு திடீர்னு மறந்துட்டா? மாடிப்படி இறங்கறப்போ இன்னும் ஒரு படி இருக்குன்னு காலை வெச்சு, இல்லேன்னதும் வயித்துக்குள்ள ஒரு பகீர் வருமே, அந்த பகீரை ஆள் உயரத்துக்கு மேல, சுத்திக்கிட்டே அனுபவிச்சுப் பாரு. அந்த நிலைமையில அவ நிறுத்தினதுக்கு எவ்வளவு தைரியம் வேணும்னு உனக்குப் புரியல. எல்லாரும் பார்த்துக்கிட்டிருக்கறப்போ குதிக்கறது அவளுக்குப் பழக்கம். நிறுத்தறதுதான் புதுசு.

படக்குன்னு போனை வெக்கற அளவுக்கு எதுக்கு ரோஷம்னு கேட்டே. நீ ஸ்பீக்கர்ல போட்டுட்டுப் பேசினே. அந்த நேரம் உங்க ஹால்ல யாரெல்லாம் இருந்தாங்க? யோசிச்சுப் பாரு. நான் அதுக்கு மேல எழுத முடியாது.

அந்தப் படத்தை இருந்த இடத்துலயே திரும்ப மாட்டு. வாண்டு எப்படித் தூங்கறா, என்ன சாப்பிடறான்னு பாரு. கோச்சைக் கேட்காதே, அவளைக் கேளு. கேட்டுட்டுப் பதில் வர்ற வரைக்கும் வாயைத் திறக்காம உட்காரு. உனக்கு அதுதான் கஷ்டம்.

தங்கை

*

ஏப்ரல் 9

தங்கச்சி,

நல்லாப் பாடம் எடுத்தே. எக்ஸ்ரே எடுக்கறவங்களுக்கு மனசும் தெரியும்னு இப்பதான் கேள்விப்படறேன்.

வாண்டைக் கேட்டேன். "நல்லாத் தூங்கறியா?" "தூங்கறேன்பா." "சாப்பிடறியா?" "சாப்பிடறேன்பா." போதுமா? உன் அண்ணியும் சாட்சி. பேக்கரியில முதல் ஷிஃப்ட் முடிஞ்சு வந்து நின்னுட்டிருந்தா. அவளும் உன்னை மாதிரியே என்னை ஒரு பார்வை பார்த்தா. ரெண்டு பேரும் பேசி வெச்சுக்கிட்டீங்களா என்ன?

கோச் சொல்றாரு, ஒரு மாசமா வாண்டு மூணு சுத்துக்கு வேகமா வர்றா, கடைசி நொடியில சுத்தாம இறங்கிடறான்னு. வாசல் வரைக்கும் வந்துட்டு உள்ள வராத விருந்தாளி மாதிரி. எனக்குக் காரணம் தெரியும். ஊரெல்லாம் பம்பரத்தை "பாவம், பாவம்"னு கொஞ்சறாங்க. நின்னுட்டாலும் கைதட்டுவாங்கன்னு தெரிஞ்சா எந்தக் குழந்தை குதிக்கும்? அதனால நான் ஒரு வைத்தியம் பண்றேன். தினமும் காலையில பயிற்சிக்கு முன்னாடி அந்த வீடியோவை அவளை உட்கார வெச்சுக் காட்டறேன். பம்பரம் திரும்பி வெளிய போற வரைக்கும். "பார்த்துக்கோ, இப்படி ஆயிடக் கூடாது"ன்னு சொல்லிட்டு ஐஸுக்கு அனுப்பறேன். நேத்து ஒரு மூணு சுத்து சுத்தமா இறங்கினா. நீ இருந்திருந்தா கைதட்டியிருப்பே.

மனசு, மனசுங்கறீங்க. நம்ம அப்பா போன மறுவாரமே நான் வேலைக்குப் போனேன். எனக்கு மனசு இல்லியா? வேலைன்னா முடிக்கணும். உனக்கு அது புரியாதுன்னு எனக்குத் தெரியும். நர்ஸிங் படிப்பை ரெண்டாவது வருஷத்துல விட்டே. கல்யாணத்தை நாலாவது வருஷத்துல விட்டே. பாதியில எழுந்து போறவளுக்கு நீ பரிஞ்சு பேசறதுல எனக்கு ஆச்சரியம் இல்ல.

எழுதினதை அடிக்கலாம்னு பார்த்தேன். அடிக்கல. உண்மைதானே.

29-ஆம் தேதி வர்றதா இருந்தா வா. டிக்கெட் எடுத்து வெக்கறேன்.

அண்ணன்

*

மே 5

தங்கச்சி,

உன் அண்ணியும் வாண்டும் அங்கதான் இருக்காங்கன்னு தெரியும். நான் வேலைக்குப் போயிருந்த நேரம் பார்த்துக் கிளம்பியிருக்காங்க. வீட்டுக்கு வந்தா வாண்டு கட்டில்ல விரிப்புகூட இல்ல. சாப்பாட்டு மேஜையில ஒரு சீட்டு. "அவ அத்தை வீட்டுக்குப் போறோம். பின்னாடியே வராதீங்க." இருபது வருஷம் குடும்பம் நடத்தினவனுக்கு ரெண்டு வரி.

என்ன நடந்துச்சுன்னு உன் அண்ணி அவ பங்குக்குச் சொல்லியிருப்பா. நான் என் பங்குக்குச் சொல்றேன்.

29-ஆம் தேதி தேர்வுல வாண்டு மூணாவது குழு. அவங்க குழுவுக்கு ஐஸ் போட்டுட்டு, வண்டியைக் கொட்டகையில விட்டுட்டு, கேட் பக்கத்துல நின்னேன். அவ பேரைக் கூப்பிடறதுக்கு முன்னாடி வேலி ஓரமா என்கிட்ட வந்தா. கையுறையைக் கழட்டறா, போடறா, கழட்டறா. "அப்பா, இன்னிக்கு வேண்டாம்பா"ன்னா. பின்னாடி வரிசையில உன் அண்ணி உட்கார்ந்திருந்தா, அவளுக்கும் காதுல விழுந்திருக்கும். நான் என்ன பதில் சொன்னேன்னும் விழுந்திருக்கும். "நீயும் பம்பரம் மாதிரிதானா?"ன்னு கேட்டேன்.

கோபமாக் கேக்கல. சிரிச்சுக்கிட்டேதான் கேட்டேன்.

முதல் ரெண்டு குதிப்பு நல்லாதான் இருந்துச்சு. மூணாவது, மூணு சுத்து. வேகமா வந்தா, அவ்வளவு வேகமா அவ வந்து நான் பார்த்ததில்ல. ஏறினா. பாதியில கை ரெண்டும் விரிஞ்சுடுச்சு. தலை மட்டும் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் தேடுச்சு. அப்புறம் ஒரு சத்தம். ஐஸ் மேல எவ்வளவோ சத்தம் கேட்டிருக்கேன், அந்த மாதிரி கேட்டதில்ல.

ஆஸ்பத்திரிக்குக் கொஞ்சம் தாமதமாத்தான் போனேன். வேலை நேரம். அதுக்குள்ள அவளை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போயிட்டாங்க. மறுநாள் பார்க்கப் போனப்போ சுவத்துப் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. நாலு நாள் அந்த முதுகைத்தான் பார்த்துட்டிருந்தேன்.

அவகிட்ட ஒரு வார்த்தை பேசணும். போனை அவ காதுல வை, போதும்.

அண்ணன்

*

மே 11

அண்ணா,

வாண்டு இங்கதான் இருக்கா. வலது கணுக்கால்ல ரெண்டு எலும்பும் உடைஞ்சிருக்கு. ஒரு பிளேட், ஏழு ஸ்க்ரூ. எங்க ஆஸ்பத்திரியில திரும்ப எக்ஸ்ரே எடுத்தோம். நானே எடுத்தேன். "மூச்சை இழுத்துப் பிடிங்க, அசையாதீங்க"ன்னு தினமும் நூறு பேருக்குச் சொல்றவ, அன்னிக்கு நான்தான் மூச்சைப் பிடிச்சுட்டிருந்தேன். அவ அசையவே இல்ல. கல்லு மாதிரி இருந்தா.

உங்க போனை அவ காதுல வெக்க மாட்டேன். அவளே வேண்டாங்கறா.

"கொஞ்சம் தாமதமாத்தான் போனேன், வேலை நேரம்"னு எழுதியிருக்கீங்க. அண்ணி சொல்லிட்டாங்க. வாண்டை ஸ்ட்ரெச்சர்ல தூக்கிட்டுப் போறாங்க, அண்ணி கூடவே ஓடறாங்க, திரும்பிப் பார்த்தா நீங்க வண்டி மேல உட்கார்ந்திருக்கீங்க. அடுத்த குழுவுக்கு ஐஸ் போடணும்னு யாரோ சொன்னாங்களாம், போடறதுக்கு வேற ஆள் இல்லியாம். உங்க பொண்ணு விழுந்து தேய்ஞ்ச தடத்தை நீங்களே செதுக்கி, சுடுதண்ணி விட்டு, வழவழன்னு ஆக்கிக் குடுத்திருக்கீங்க. வேலைன்னா முடிக்கணும், இல்லியா? ஆம்புலன்ஸ் கதவைச் சாத்தறப்போ வாண்டு கேட்டாளாம், "அப்பா வரலியா?"ன்னு.

இப்போ நான் எழுத முடியாதுன்னு சொன்னதை எழுதறேன். அவ கேட்டுக்கிட்டதால மறைச்சேன். எழுதச் சொல்லி இப்போ அவளே சொல்லிட்டா.

ஜனவரியிலேருந்தே வாண்டுக்கு அப்படித்தான். காத்துல ஏறினதும் எல்லாம் வெள்ளையாயிடுது, எத்தனை சுத்து ஆச்சுன்னு தெரியல, தரை எங்கேருந்து வரும்னு தெரியலன்னு என்கிட்ட போன்ல அழுதா. "உடம்பு என் பேச்சைக் கேக்க மாட்டேங்குது அத்தை, நான் பைத்தியமா?"ன்னு கேட்டா. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டா. எங்க மனநல டாக்டர்கிட்ட கேட்டேன். விளையாடறவங்களுக்கு வர்றதுதான், ரெண்டு மூணு மாசம் குதிப்பை நிறுத்திட்டு அடியிலேருந்து ஆரம்பிச்சா சரியாகும், கூட்டிட்டு வாங்கன்னாங்க. வாண்டுதான், தேர்வுப் போட்டி முடியட்டும்னா.

மார்ச் மாசம், அந்தச் சனிக்கிழமை, பம்பரம் பேட்டி குடுத்து அஞ்சு நிமிஷம்கூட ஆகல, வாண்டு எனக்கு போன் பண்ணினா. சிரிக்கறா, அழறா. "அத்தை, அவங்களுக்கும் அப்படித்தானாம்! எனக்கு மட்டும் இல்லியாம்! அப்பாவுக்கு அவங்கன்னா உயிரு. இன்னிக்கே சொல்லிடறேன், அப்பா புரிஞ்சுப்பாரு"ன்னா. ஹாலுக்கு வந்திருக்கா. அந்த நேரத்துல நீங்க என்னைக் கூப்பிட்டு, ஸ்பீக்கர்ல, அந்த ஒரே ஒரு வார்த்தையைச் சொன்னீங்க.

அதுக்கப்புறம் தினமும் காலையில உட்கார வெச்சு வீடியோ வேற காட்டியிருக்கீங்க.

அண்ணி அடுத்த வாரம் ஊருக்கு வர்றாங்க, வேலை இருக்கு. வாண்டு வர மாட்டா.

தங்கை

*

மே 16

என்னை "நீங்க"ன்னு எழுதியிருக்கே. நல்லது. யாரோ வெளியாளுக்கு எழுதற மாதிரி.

ஜனவரி, பிப்ரவரி, மார்ச், ஏப்ரல். நாலு மாசம். என் பொண்ணுக்குத் தரை தெரியலன்னு உனக்குத் தெரியும். டாக்டருக்குத் தெரியும். எனக்குத் தெரியாது. ஒரு வரி எழுதியிருந்தா நான் அவளை அந்த ஐஸ் மேல விட்டிருப்பேனா? சொல்லு, விட்டிருப்பேனா? சத்தியமாம். பதினாறு வயசுப் பொண்ணு வாங்கின சத்தியம். அவ கால் உடையற வரைக்கும் அதைக் காப்பாத்தியிருக்கே.

நான் தெரியாம பண்ணினேன். நீ தெரிஞ்சு சும்மா இருந்தே.

இதுக்குப் பதில் எழுது பார்க்கலாம்.

*

மே 27

அண்ணா,

பத்து நாள் பதில் தேடினேன்.

நீ சொல்றது சரி. நான் கோச்சுக்கு போன் பண்ணியிருக்கலாம். அண்ணிகிட்ட சொல்லியிருக்கலாம். 29-ஆம் தேதி ரயில் ஏறி வந்து அவ கையைப் பிடிச்சு வெளிய இழுத்துட்டு வந்திருக்கலாம். நீ டிக்கெட் எடுத்து வெக்கறேன்னுகூட எழுதியிருந்தே. கல்யாணத்தைப் பத்தி நீ எழுதினதைப் படிச்சதும், இனி உன் முகத்துல முழிக்கறதில்லன்னு உட்கார்ந்துட்டேன். என் ரோஷம் எனக்குப் பெருசாப் போச்சு.

இன்னொண்ணும் சொல்றேன். அப்பன் அம்மாகிட்ட சொல்லாததை அவ என்கிட்ட சொல்றாங்கற பெருமை எனக்கு இருந்துச்சு. குழந்தை இல்லாதவ, எனக்கு அது பெரிய விஷயம். உன்கிட்ட சொல்லிட்டா அவ அப்புறம் எனக்கு போன் பண்ண மாட்டாளோன்னு பயந்தேன். சத்தியத்தைக் காப்பாத்தறேன்னு சொல்லிக்கிட்டு நான் காப்பாத்தினது அதைத்தான்.

இதை வாண்டுகிட்டயும் சொல்லிட்டேன். ரெண்டு நாள் என்கூடப் பேசல. மூணாவது நாள் குளிக்கறதுக்குத் துணைக்குக் கூப்பிட்டா, காலை நனைக்கக் கூடாதுல்ல. அவ்வளவுதான். மன்னிச்சுட்டான்னு நான் நெனச்சுக்கல.

"விட்டிருப்பேனா"ன்னு கேட்டிருக்கே. "இன்னிக்கு வேண்டாம்பா"ன்னு அவளே உன் முன்னாடி நின்னு சொன்னாளே. அப்போ விட்டேதானே?

தங்கை

*

செப்டம்பர் 14

தங்கச்சி,

நாலு மாசமா எழுதல. எழுத ஒண்ணும் இல்லாம இல்ல. உன்னோட கடைசிக் கேள்விக்குப் பதில் இல்ல, அதான்.

உன் அண்ணி சமைக்கறா, துவைக்கறா, வேலைக்குப் போறா. அவ பேசறது "பால் தீந்துடுச்சு", "கரண்ட் பில் வந்திருக்கு", அவ்வளவுதான். ஞாயித்துக்கிழமை காலையில பையை எடுத்துக்கிட்டு உங்க ஊருக்குக் கிளம்பிடறா. "நானும் வரட்டுமா?"ன்னு ஒரு தடவை கேட்டேன். செருப்பை மாட்டிக்கிட்டே, "அவளைக் கேட்டுச் சொல்றேன்"னா. இன்னும் சொல்லல.

இப்போ எழுதக் காரணம் இருக்கு. இதை வாண்டுகிட்ட படிக்கக் குடு.

போன செவ்வாய்க்கிழமை பம்பரம் எங்க ரிங்குக்கு வந்தா. நிஜமா. திரும்ப ஆட ஆரம்பிக்கறாளாம், பத்திரிகைக்காரங்க தொந்தரவு இல்லாத சின்ன இடமாப் பார்த்து ரெண்டு வாரம் பயிற்சி. பகல்ல யாரும் இல்லாத நேரம், ஒண்ணரையிலேருந்து மூணு வரைக்கும் அவளுக்கு. மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, "நீதான் அவங்க பெரிய ரசிகன் ஆச்சே, நீயே ஐஸ் போடு"ன்னாரு.

டிவியில பார்த்ததைவிட ரொம்பக் குள்ளம். கம்பளிச் சட்டையில கை நுனி வரைக்கும் இழுத்து விட்டுக்கிட்டு, கேட் பக்கத்துல நின்னு கேட்டா, "ஐஸ் எப்படி இருக்கு அண்ணா?"

"ஹாக்கிக்குப் போடற மாதிரி கல்லாப் போடலம்மா. கொஞ்சம் இளக்கமா விட்டிருக்கேன். விழுந்தா அடி கம்மியா இருக்கும்"னேன்.

"நல்லது. விழறதுக்குத்தான் வந்திருக்கேன்"னு சிரிச்சா.

ஒண்ணரை மணி நேரம் அவ பண்ணினது என்ன தெரியுமா? ஒரு சுத்து. ஒரே ஒரு சுத்து. எட்டு வயசுக் குழந்தைங்க பண்றது. உலக சாம்பியன், ஏறறா, ஒரு சுத்து, இறங்கறா, நின்னு மூச்சு விடறா, திரும்ப வர்றா. ஆறு தடவை குதிக்காமலே வேலி வரைக்கும் வந்து நின்னா. அந்தக் கையைப் பார்த்தேன். நீ எழுதினியே, இருட்டுல சுவிட்ச் தேடற கை. வாண்டுக்கும் அதேதான் இருந்துச்சு. பிப்ரவரியிலேயே இருந்துச்சு, இப்போ நெனச்சா தெரியுது. தினமும் கேட் பக்கத்துல நின்னு நான் பார்த்துட்டிருந்தது அவ காலை மட்டும்தான்.

முடிச்சுட்டு வந்து பெஞ்சுல உட்கார்ந்து ஷூ கழட்டினா. நான் பக்கத்துல பனியைத் தள்ளிட்டிருந்தேன். பேச்சுக்குக் கேட்டா, "உங்களுக்குக் குழந்தைங்க இருக்காங்களாண்ணா?"

"ஒரு பொண்ணும்மா."

"ஸ்கேட்டிங் பண்றாளா?"

"பண்ணிட்டிருந்தா. நிறுத்திட்டா."

"அடடா, ஏன்?"

"படிப்பும்மா"ன்னு சொல்லிட்டேன்.

"நல்லாப் படிக்கட்டும்"னு சொல்லிட்டுப் பையைத் தூக்கிக்கிட்டுப் போயிட்டா. பேப்பர்ல எழுதினது நான்தான்னு சொல்ல வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல. இன்னும் ஒரு வாரம் இருக்கா.

பம்பரம் ஒரு சுத்துலேருந்து ஆரம்பிச்சிருக்கான்னு வாண்டுகிட்ட சொல்லு. அவசரமே இல்ல, அவளும் எப்போ வேணும்னாலும் ஆரம்பிக்கலாம். ஐஸ் நான் போட்டுக் குடுக்கறேன்.

அண்ணன்

*

செப்டம்பர் 22

அண்ணா,

உன் கடிதத்தை அவகிட்ட குடுத்தேன். சமையலறை மேஜையில உட்கார்ந்து, காலை ஸ்டூல் மேல நீட்டிக்கிட்டுப் படிச்சா. நான் பாத்திரம் தேய்க்கற மாதிரி நின்னுட்டிருந்தேன்.

முதல் பக்கம் முடிச்சுட்டு, "அவங்க நேர்ல குள்ளமாமே அத்தை"ன்னா. முகத்துல கொஞ்சம் வெளிச்சம்கூட வந்துச்சு. ஒரு சுத்து பத்தி நீ எழுதினதை ரெண்டு தடவை படிச்சா. கை பத்தி எழுதின இடத்துல தன் இடது கையை விரிச்சுப் பார்த்துக்கிட்டா. நான் உனக்காக உள்ளுக்குள்ள சந்தோஷப்பட்டேன், பொய் சொல்லல.

அப்புறம் படிப்புங்கற இடம் வந்துச்சு.

"படிப்பா?"ன்னு கேட்டா. என்னைக் கேக்கல, கடிதத்தைக் கேட்டா. "அவங்க ஒருத்தங்ககிட்டதான் அப்பா உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவங்களுக்குப் புரிஞ்சிருக்கும். என்னைப் பத்தி அவங்ககிட்டகூட மறைக்கணுமா? அவ்வளவு கேவலமா நான்?"

"உன்னைப் பத்தி இல்லம்மா, அப்பா தன்னைப் பத்தித்தான் மறைக்கறாரு"ன்னு சொல்லிப் பார்த்தேன். அவ தலையை ஆட்டினா, ஆமான்னும் இல்ல, இல்லேன்னும் இல்ல. கடைசி வரியை வாய் விட்டுப் படிச்சா. "ஐஸ் நான் போட்டுக் குடுக்கறேன்." படிச்சுட்டுக் கடிதத்தை நாலா மடிச்சு என்கிட்ட திருப்பிக் குடுத்தா. "அன்னிக்கும் அப்பாதான் போட்டாரு அத்தை, எனக்கு முன்னாடியும் எனக்குப் பின்னாடியும்"னா.

மார்ச்லேருந்து நீ எழுதின எல்லாக் கடிதத்தையும் நேத்து எடுத்துப் பார்த்தேன். கோபம் இருக்கு, நியாயம் இருக்கு, நடந்தது இருக்கு. "தப்புப் பண்ணிட்டேன்"ங்கற ஒரு வார்த்தை எங்கேயும் இல்ல. எனக்கு எழுத வேண்டாம், நான் அதுக்குத் தகுதி இல்ல. அவளுக்கு எழுதியிருக்கலாம். பம்பரத்துக்காவது சொல்லியிருக்கலாம், பக்கத்துலயே பெஞ்சுல உட்கார்ந்திருந்தா. ஐஸ் போட்டுத் தரேங்கறதுதான் உனக்குத் தெரிஞ்ச மன்னிப்புன்னு எனக்குப் புரியுது. அவளுக்குப் பதினாறு வயசு. அவளுக்கு அது புரியணும்னு நீ எதிர்பார்க்கக் கூடாது.

அவ திரும்ப ஆட மாட்டா. நான் சொல்லல, அவ சொல்றா. எலும்பு டாக்டர் ஆடலாம்னுதான் சொல்றாரு. இங்க பக்கத்து ஸ்கூல்ல சேர்த்தாச்சு. நீ சொன்ன பொய் உண்மையாயிடுச்சு.

வியாழக்கிழமை காலையில கணுக்கால்ல இருக்கற நீள ஸ்க்ரூ ஒண்ணை வெளிய எடுக்கறாங்க. சின்ன வேலைதான், அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அண்ணி வர்றாங்க. நீயும் லீவு போட்டிருக்கேன்னு அண்ணி போன்ல சொன்னாங்க. வாண்டு என் கையிலேருந்து போனை வாங்கி, "அம்மா, நீ மட்டும் வா"ன்னா.

நான் பக்கத்துலதான் நின்னுட்டிருந்தேன். போனைத் திரும்ப வாங்கி, வியாழக்கிழமை எத்தனை மணிக்கு வரணும்னு அண்ணிகிட்ட சொன்னேன்.

தங்கை